நியூட்ரலில் நின்ற கார்

முடிச்சூரில் மழை என்றால் முதலில் காணாமல் போவது கார்கள்தான். சிவப்பு எச்சரிக்கை என்று டிவியில் ஒரு வார்த்தை வரட்டும், வீட்டில் அரிசி இருக்கிறதா, மெழுகுவத்தி இருக்கிறதா என்று ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். அத்தனை பேரும் காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு ஓடுவார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இரண்டாயிரத்துப் பதினைந்தில் கார் கூரைக்கு மேலே தண்ணீர் போனதைப் பார்த்தவர்கள். போலீஸ்காரர் வந்து, பாலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று விசில் ஊதுவார். "எங்க தெருவாண்ட வந்து ஒரு தபா பாருங்க சார்" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டால் அவரும் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்.

வயல்வெளி அபார்ட்மெண்ட்ஸில் பன்னிரண்டு வீடு, பதினோரு கார். பெயரில் இருக்கும் வயல் ஒரு காலத்தில் உண்மையாகவே அங்கே இருந்ததுதான். செகரட்டரி ஏகநாதன் குடும்பத்து நெல்வயல். நிலத்தைக் கொடுத்துவிட்டு அவர் நாலு ஃப்ளாட் வாங்கிக்கொண்டார். கூடவே ஆயுசுக்கும் செகரட்டரி பதவியையும் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் எல்லாம் ஆபீஸ், ஸ்கூல், பேங்க் என்று போய்வருகிறவர்கள். சமதரையில் நன்றாகத்தான் ஓட்டுவார்கள். மழையில், பாலத்துச் சரிவில், பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்திருக்கும்போது, சுவரை ஒட்டி நிறுத்து என்றால் பாதிப் பேருக்கு வராது. அதற்குத்தான் மாரி.

மாரிக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை வீட்டில் மனைவி எல்லம்மாவோடு குடியிருக்கிறார். கூப்பிட்டால் வந்து வண்டி ஓட்டிக் கொடுக்கும் ஆக்டிங் டிரைவர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மழை எச்சரிக்கை வந்ததும் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். சாவிகளை எல்லாம் அதில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காராக மேலே ஏற்றுவார். ஏற்றி நிறுத்துவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஹேண்ட்பிரேக், முதல் கியர், ஸ்டீயரிங்கைச் சுவர்ப்பக்கம் ஒடிப்பது, பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல். நாலும் முடியாமல் கதவைச் சாத்த மாட்டார். அப்புறம் மழை விடுகிறவரை வண்டிகளுக்குக் காவலாகப் பாலத்திலேயே நிற்பார். இதை யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை.

இப்போது ஜோசலின் மிஸ்ஸுக்கு வருவோம். சேலையூர் கேம்ப் ரோடில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதுக்கும் பத்துக்கும் பிசிக்ஸ் டீச்சர். வயது நாற்பத்தெட்டு. கணவர் ஜெஃப்ரிக்கு ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை, சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார், கார் ஓட்டத் தெரியாது. நல்ல டீச்சர் என்று பெயரெடுத்தவள் ஜோசலின். விசை, நிறை, முடுக்கம் என்று அவள் சொல்லிக்கொடுத்தால் கடைசி பெஞ்சுக்கும் புரியும். ஒரே ஒரு குறை. ஊரார் விடைத்தாளில் எல்லாம் தப்புக் கண்டுபிடித்துச் சுழித்துப் பழகிய கைக்குத் தன் தப்பைச் சுழிக்க வராது. அவளுடைய காரின் ஹேண்ட்பிரேக் கேபிள் லூசாகிவிட்டது என்று மாரி ஆகஸ்டிலேயே சொன்னார். "குவார்ட்டர்லி முடியட்டும் மாரி" என்றாள். குவார்ட்டர்லி முடிந்தது, தசரா லீவும் முடிந்தது, கேபிள் அப்படியே கிடந்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழைக்காக மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஜோசலின் மாரியின் டின்னில் சாவியைப் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். இரண்டரை மணிக்கு அவளுடைய வெள்ளைக் கார் பாலத்தில் ஏறிவிட்டது.

நாலு மணிக்கு டீ குடிக்கும்போதுதான் சுரீர் என்றது. ஒன்பதாம் வகுப்பு மிட்டெர்ம் விடைத்தாள், நாற்பத்திரண்டும், பின்சீட்டில். பின்கதவுக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்திருந்தாள். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மாரிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. பீரோவிலிருந்து ஸ்பேர் சாவியை எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்தே பாலத்துக்குப் போனாள். மாரி அங்கே இல்லை. கடைசிக் காரை எடுத்துவரக் கீழே போயிருந்தார்.

விடைத்தாளில் மேல் நாலைந்து மட்டும்தான் நனைந்திருந்தன. கண்ணாடியை ஏற்ற வேண்டும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். டிரைவிங் ஸ்கூலில் அந்தக் காலத்தில் திட்டித் திட்டிப் பழக்கிவிட்ட பழக்கம், ஸ்டார்ட் பண்ணும் முன் இடது கை தானாகப் போய் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தது. இன்ஜின் உறுமியது. கண்ணாடி ஏறியது. இன்ஜினை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக் மேலே இழுத்திருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. விடைத்தாள் கட்டை மழைக்கோட்டில் சுற்றிக்கொண்டு, காரைப் பூட்டிவிட்டு, அப்பாடா என்று வீட்டுக்கு நடந்தாள்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு கை, ஒரு பழக்கம், ஒரு நொடி.

ஐந்தரை மணிக்குச் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த செங்கல், ஊறிப்போன செங்கல், நொறுங்கியது. லூசான கேபிள் எவ்வளவு நேரம்தான் தனியாகப் பிடிக்கும்? கார் மெதுவாகப் பின்னால் இறங்கியது. இருபது அடி கீழே குமரேசனின் புதுக் கார் நின்றிருந்தது. குமரேசன் இரண்டாவது மாடி, பேங்க் ஊழியர். வண்டி எடுத்து ஒரு மாசம் ஆகவில்லை, பூஜை போட்ட சந்தனப் பொட்டுகூட அழியவில்லை. அந்தக் கார் அடிபடக் கூடாது என்று, காவலுக்கு நின்றிருந்த மாரி நடுவில் பாய்ந்தார். ஒதுங்கியிருக்கலாம் மனுஷன். ஒதுங்கவில்லை. இரண்டு கையையும் டிக்கியில் வைத்துத் தள்ளிப் பார்த்திருக்கிறார். மெதுவாக வந்தாலும் தொள்ளாயிரம் கிலோ தொள்ளாயிரம் கிலோதானே. இரண்டு பம்பருக்கும் நடுவில் இடது கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு உடைந்தது.

அலறல் கேட்டு ஓடிவந்தவர்களில், புது வண்டியைப் பார்த்துப்போகப் பாலத்துக்கு வந்திருந்த குமரேசனும் ஒருவர். டின்னில் சாவியைத் தேடியெடுத்து, காரைத் திறந்து, முன்னால் நகர்த்தி, காலை விடுவித்தார். ஆம்புலன்ஸ் போன பிறகு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டார். "ஜோசலின் மிஸ், உங்க கார் பின்னாடி உருண்டு மாரி கால்ல அடி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. வண்டி நியூட்ரல்ல இருந்துச்சு. மாரி கியர் போட மறந்துட்டார் போல."

ஜோசலின் அதைப் படித்தாள். நியூட்ரல் என்ற வார்த்தையில் கண் நின்றுவிட்டது. கியரின் குமிழை ஆட்டிய உணர்வு உள்ளங்கையில் அப்படியே இருந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்து குரூப்பில், "ஐயோ, மாரி எப்படி இருக்கார்?" என்று மட்டும் போட்டாள். அந்த ஒரு வரியோடு இன்னொரு வரி போட்டிருக்கலாம். விரல் அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

ஜெஃப்ரி ஆபீஸிலிருந்து நனைந்து வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேஜையில் ஃபேன் காற்றில் காயப்போட்டிருந்த விடைத்தாள்களைப் பார்த்தார். "இது கார்ல இருக்குன்னு நாலு மணிக்குப் போன்ல சொன்னியே?" என்றார்.

"மாரி எடுத்துக் குடுத்துட்டுப் போனாரு," என்றாள்.

யாரும் பிடித்துத் தள்ளாமல், வாயிலிருந்து தானாக வந்த பொய். சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பாவ அறிக்கை ஜெபம் வந்தது. சபையோடு சேர்ந்து அவளும் முழந்தாளிட்டு, வார்த்தை பிசகாமல் சொன்னாள். இருநூறு பேரோடு சேர்ந்து நான் பாவி என்று சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை பாருங்கள். யார் என்ன செய்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றவில்லை, கீழே கார் பார்க்கிங்கில் மீட்டிங் என்று ஏகநாதன் ஆள் அனுப்பிவிட்டார்.

பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தரையெல்லாம் வண்டல் வாடை. ஏகநாதன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"மாரி ஆஸ்பத்திரில படுத்துகினு, கியர் போட்டேன், கியர் போட்டேன்னு அதையேதான் சொல்லிகினு கீறான். குமரேசன் பாக்கசொல்லோ நியூட்ரல்ல இருந்துச்சு. நமக்கு இதுல ஒண்ணும் தெரியாது. மிஸ், நீங்க பிசிக்ஸு. நீங்க சொன்னா அதுக்கு அப்பீல் கிடையாது. கியர்ல கீற வண்டி தானா உருளுமா?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜோசலின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வகுப்பறைக் குரல் வந்தது.

"சரிவுல நிக்கிற எதையும் புவியீர்ப்பு கீழ இழுத்துக்கிட்டேதான் இருக்கும் சார். அதுக்குச் சமமா ஏதாவது எதிர்ப்பக்கம் பிடிச்சாத்தான் நிக்கும். கியர்ல இருந்தா இன்ஜின் பிடிச்சுக்கும். உருளாது."

"அப்ப உருண்டுச்சுன்னா?"

"கியர்ல இல்லேன்னு அர்த்தம்."

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பரீட்சையில் எழுதினால் முழு மார்க். குமரேசன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "ஸ்பேர் சாவி ஏதாச்சும் வேற யார் கையிலாவது போயிருக்குமா மிஸ்?"

"இல்ல குமரேசன். வீட்டு பீரோல பத்திரமா இருக்கு."

அதுவும் உண்மைதான். அன்றைக்கு, அந்த நிமிஷம், பீரோவில்தான் இருந்தது. உண்மையை வைத்தே ஒரு ஆளை இப்படிக் குழியில் தள்ள முடியும் என்று ஜோசலினுக்கு அதுவரை தெரியாது. ஏகநாதன் உதட்டைப் பிதுக்கினார். "பாவம்தான். ஆனா இன்னிக்கி அவன் காலோட போச்சு, நாளிக்கி ஒரு கொயந்த மேல ஏறிச்சுன்னா யாரு பதில் சொல்றது? இனிமே அவன் கையில சாவி குடுக்க வேணாம்." பதினோரு தலையும் ஆடின. பன்னிரண்டாவது தலையும் கொஞ்சம் ஆடியது. கலைந்து போகும்போது யாரோ பின்னால், "மிஸ்ஸுக்கு எவ்ளோ பெரிய மனசு, டிக்கி நசுங்கியும் அந்தாள ஒரு வார்த்த திட்டல பாரு" என்றார்கள். ஜோசலின் திரும்பிப் பார்க்காமல் மாடிப்படி ஏறினாள்.

பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்த பாடம் உராய்வு. விதி என்பது இதுதானோ என்னவோ. பலகையில் ஒரு சாய்தளம் வரைந்து, அதன் மேல் ஒரு பெட்டி வரைந்து, அம்புக்குறிகள் போட்டாள். முன்வரிசையில் குமரேசனின் மகள் அனுப்பிரியா கையைத் தூக்கினாள்.

"மிஸ், இது உங்க கார் மாதிரிதானே?"

வகுப்பு சிரித்தது. செய்தி எப்போதோ பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது.

"ஆமா," என்றாள் ஜோசலின்.

"ஒரு டவுட் மிஸ். மாரி அண்ணா ரெண்டரைக்கே கியர் போடாம விட்டுட்டாருன்னா, அஞ்சரை வரைக்கும் கார் ஏன் நின்னுச்சு? அப்பவே உருண்டிருக்கணும்ல?"

சாக்பீஸ் கையில் இருந்தது. பதில் தயாராக இருந்தது. எத்தனை வருஷப் பாடம், கேட்க வேண்டுமா. "நிக்கிற பொருளைப் பிடிச்சு வெக்கிற உராய்வு ஒரு அளவு வரைக்கும் தாங்கும். அந்த அளவு தாண்டிட்டா நகர ஆரம்பிச்சிடும். நகர ஆரம்பிச்சதும் உராய்வு கொறஞ்சிடும், அதான் அப்புறம் நிக்காது. செங்கல் உடையற வரைக்கும் தாங்கியிருக்கு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்," என்று எழுதிக்கொண்டாள் அந்தப் பெண்.

ஜோசலின் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்புக்குறியை அழித்துவிட்டு அதே இடத்தில் அதே அம்புக்குறியை மறுபடி வரைந்தாள். பதினாலு வயசுப் பிள்ளை, வாசல் வரை வந்து கதவைத் தட்டிவிட்டாள். இவள் உள்ளே இருந்துகொண்டே யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எவனோ ஒரு வக்கீல் பொய் வழக்குக்கு வாதாடினால் காறித் துப்புகிறோம். இவள் படித்த படிப்பையே வக்கீலாக வைத்துக்கொண்டாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாப்பிடாமல் மூடிவிட்டாள்.

நாள் போய்க்கொண்டே இருந்தது. தினமும் காலையில் இன்று சொல்லிவிடுவது என்று கிளம்புவாள். சாயந்திரம் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். இன்றைக்கு ஆபரேஷனாம், நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்குத்தான் டிஸ்சார்ஜ், உடனே போய் எதற்கு. காரணத்துக்கா பஞ்சம்.

பத்தொன்பதாவது நாள், சனிக்கிழமை காலை, எல்லம்மா அபார்ட்மெண்ட் வாசலுக்கு வந்தாள். மெலிந்த உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

"மிஸ், எங்கூட்டுக்காரு உங்கள ஒரு தபா பாக்கணும்னு சொல்றாரு. முடிஞ்சா வந்துட்டுப் போங்க."

தெரிந்துவிட்டது, யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று ஜோசலின் நினைத்தாள். ஒரு பக்கம் பயமாக இருந்தது. இன்னொரு பக்கம், இத்தோடு தொலைந்தது என்று ஒரு நிம்மதியும் வந்தது. ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள்.

மாரி கட்டிலில் இருந்தார். இடது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. தாடி வளர்ந்து ஆளே பாதியாகிவிட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், இரண்டு கையையும் கூப்பினார்.

"ஒக்காருங்க மிஸ். உங்களாண்ட மன்னிப்பு கேக்கணும்னுதான் கூப்டேன்."

ஜோசலினுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "எதுக்கு மாரி?"

"உங்க வண்டிய நாசம் பண்ணிட்டேன் மிஸ். மொதல்ல எனக்கு ஒரே ஆத்திரம். கியர் போட்டேன்னு சத்தியம் பண்ணேன். டாக்டராண்ட சொன்னேன், நர்ஸாண்ட சொன்னேன். அப்பால ஏகநாதன் அண்ணன் வந்து சொன்னாரு. மிஸ்ஸே சொல்லிட்டாங்க, கியர்ல இருந்தா உருளாதுன்னு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க படிச்சவங்க. நாந்தான் மறந்துகீறேன். மறந்துட்டு போட்டேன் போட்டேன்னு பேஜார் பண்ணிகினு இருந்திருக்கேன்."

"மாரி..."

"இல்ல மிஸ், யோசிச்சி யோசிச்சி பாக்கறேன். உங்க வண்டில கியர் போட்டது கண்ணுல நிக்கிது. ஆனா அது அன்னிக்கி போட்டதா, போன வருசம் போட்டதான்னு இப்ப தெரில. இருவத்திரண்டு வருசம். என் கை எனுக்கே பொய் சொல்லுது. இனிமே வண்டி எடுக்க மாட்டேன் மிஸ். யார்னா ஒருத்தர் மேல ஏத்திட்டா? கால் சரியானா வாச்மேன் வேலைக்குத்தான் போவணும்."

சொல் என்றது மனசு. "உடம்பப் பாத்துக்குங்க மாரி" என்றாள். என்ன வார்த்தை அது. ஆப்பிளைக் கட்டிலில் வைத்தாள். எழுந்து வந்து வாசலில் செருப்பைப் போட்டாள். ஒரு செருப்பு போட்டாகிவிட்டது, இன்னொன்றில் கால் பாதி நுழைந்திருந்தது. உள்ளே மாரியின் குரல் கேட்டது.

"எல்லம்மா, கேஸ மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

"நல்லா பாரு. காத்தால நாந்தான கைய நீட்டி ஃபேன் சுச்ச போட்டேன்? நான் போட்டேனா, நீ போட்டியா?"

"நீதாய்யா போட்ட."

"நெஜமா?"

ஜோசலின் செருப்பைக் கழற்றினாள். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எதுவும் நினைக்கவில்லை. அந்த "நெஜமா" என்ற குரல் முதுகில் கைவைத்துத் தள்ளியது, உள்ளே வந்துவிட்டாள்.

"மாரி, நீங்க கியர் போட்டீங்க."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கி நாலு மணிக்கு மேல நான் பாலத்துக்கு வந்தேன். நீங்க இல்ல. ஸ்பேர் சாவி போட்டுக் கார்ல ஒக்காந்தேன், கண்ணாடி ஏத்தறதுக்கு. ஸ்டார்ட் பண்ணும்போது கியர நியூட்ரல் பண்ணேன். திரும்பப் போடல. அப்படியே பூட்டிட்டுப் போயிட்டேன். மீட்டிங்ல எல்லாரும் கேட்டப்பவும் சொல்லல. நீங்க மறக்கல மாரி. நான்தான்."

பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. திட்டுவார், அடிக்கக் கையில் கிடைத்ததை எடுப்பார் என்று ஜோசலின் நின்றாள். மாரி தன் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு கோணியது.

"அப்ப நான் போட்டேன்," என்றார்.

"போட்டீங்க."

"மொத கியரு?"

"மொத கியர்தான் மாரி. நான் கையால எடுத்துத் தள்ளினேன். எனக்கு நல்லாத் தெரியும்."

மாரி அழுதார். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எல்லம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே ஜோசலினைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஜோசலின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பத்தொம்பது நாளு மிஸ்," என்றாள் எல்லம்மா. "இன்னாத்துக்கு?"

"பயம்."

"எங்களக் கண்டா பயம்?"

ஜோசலின் யோசித்தாள். இந்த வீட்டில் இனிமேலாவது சரியான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "இல்ல எல்லம்மா. உங்களக் கண்டு பயமே இல்ல. அதான் இத்தன நாள் ஆச்சு. மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு பயம்."

எல்லம்மா கட்டிலடியில் கிடந்த மாரியின் போனை எடுத்து நீட்டினாள். "ஏகநாதன் அண்ணனுக்குப் போடுங்க. எங்களாண்ட சொன்னத அவராண்ட சொல்லுங்க. நாங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

நியாயம்தானே. ஜோசலின் தன் போனையே எடுத்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் எல்லம்மா, போட்டாள். கட்டில் ஓரத்தில் வைத்தாள். ஏகநாதன் எடுத்தார். முதலிலிருந்து கடைசி வரை, ஸ்பேர் சாவி, விடைத்தாள், மீட்டிங்கில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தவில்லை.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. அப்புறம் ஏகநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அட, இத இப்ப போயி எதுக்கு மிஸ் கெளர்றீங்க? அவனே ஒத்துக்கினான் இல்ல, நாந்தான் மறந்துட்டேன்னு. அது அப்படியே போவட்டும். நீங்க படிச்சவங்க, ஸ்கூல்ல பேரு கெட்டா நல்லாவா இருக்கும்? மாரி காதுல மட்டும் போட்டுடாதீங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்கு எதுனா பாத்துக் குடுத்துடலாம், வாய மூடிகினு வாங்கிக்குவான். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அத்தோட வுடுங்க."

மாரி அழுகையை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது நாளாக ஜோசலின் எந்தக் குரலுக்குப் பயந்தாளோ அந்தக் குரல் இவ்வளவு அன்பாக இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் எரிந்தது.

"சார், ஸ்பீக்கர்ல இருக்கு," என்றாள். "மாரி வீட்டுலேர்ந்துதான் பேசறேன். அவர் கேட்டுக்கிட்டு இருக்காரு."

அந்தப் பக்கம் டிவியில் யாரோ செய்தி படிப்பது மட்டும் கேட்டது.

"சாயந்திரம் ஆறு மணிக்கு மீட்டிங் போடுங்க சார். நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"சரி மிஸ்," என்று முனகிவிட்டு ஏகநாதன் வைத்துவிட்டார்.

"இவரும் வருவாரு," என்றாள் எல்லம்மா. "நாற்காலியோட தூக்கினு வரேன்."

ஜோசலின் தலையாட்டினாள். மாரி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மிஸ், அங்க மொதல்ல காலு கதைய எடுக்காதீங்க. உங்க மேல தப்பு, என் மேல தப்பு, அதெல்லாம் அப்பால. மாரி கியர் போட்டான்னு மொதல்ல சொல்லுங்க."

"சொல்றேன்."

அவர் நம்பவில்லை. நம்புவதற்கு அவள் என்ன செய்து வைத்திருக்கிறாள்?

"இப்ப ஒரு தபா சொல்லிக் காட்டுங்க," என்றார்.

"மாரி கியர் போட்டாரு. எடுத்தது நான்."

மாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தபா," என்றார்.

ஜோசலின் இன்னொரு தடவை சொன்னாள்.